பதினேழாவது பின்னில் பெருக்கல் குறி

சர்க்யூட் வரைகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கணினி ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினால், எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஏன் போட்டது என்று கடைசிவரை தேடுகிறவர்கள் ஒரு வகை. அந்த வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் முதல் வகை. பதினான்கு வருடமாக வரைகிறேன், காரணம் எழுதிவைக்காமல் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டதில்லை என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

இந்தப் பெருக்கல் குறி விவகாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு சில்லுக்கு, சிப் என்பார்களே, அதற்கு ஊசிக்கால்போல இருபத்து நான்கு பின் இருக்கிறது என்றால், வரைபடத்தில் ஒவ்வொரு பின்னிலிருந்தும் ஒரு கோடு புறப்பட்டு எங்காவது போய்ச் சேர வேண்டும். சேராமல் தொங்கினால் மென்பொருள் சிவப்பு வட்டம் போடும். சில பின்கள் உண்மையிலேயே தேவைப்படாது. அப்போது அதன் நுனியில் பெருக்கல் குறி வைத்தால், 'எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்' என்று அர்த்தம். அதற்குப்பிறகு மென்பொருள் அந்தப் பின்னைப் பற்றி வாயே திறக்காது. மனிதர் சொன்னால் அவ்வளவு நம்பிக்கை அதற்கு.

நான் முன்பு வரைந்த பம்ப்செட் போர்டு என்றால் இதனால் பெரிய கேடு ஒன்றும் வராது. நாங்கள் வரைவது தலைக்குள் போகிறது. பக்கவாதத்திலோ விபத்திலோ மூளைக்குள் நரம்புப் பாதை அறுந்துபோனவர்களுக்கு, அறுந்த இரண்டு முனைகளையும் இணைக்க நகமளவில் ஒரு போர்டு. எல்லாரும் அதைப் பாலம் என்பார்கள். காதுக்குப் பின்னால், எலும்புக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒருவர் மூளைபோல் இன்னொருவருக்கு இருக்காது என்பதால் ஆளுக்கு ஒரு வரைபடம். கோயம்புத்தூரில், சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து இதை வரைகிறோம்.

என் வலது காதுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் பெருந்துறை தாண்டி நான் ஓட்டிவந்த கார், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதியது. பின் சீட்டில் என் மகள் தன்விகா இருந்தாள். நான்கு வயது. அங்கேயே இறந்துவிட்டாள். யாரிடம் சொன்னாலும், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறமாதிரி, இப்படித்தான் சொல்லி முடிப்பேன். கேட்கிறவர்கள் கண் கலங்கி, உங்கள் மனஉறுதி யாருக்கும் வராது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு தேறியதும் எனக்குப் பாலம் செய்த கம்பெனியிலேயே வேலை கேட்டுச் சேர்ந்தேன். அவர்களுடைய சரக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறவளுக்கு இல்லையென்று சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை.

என் கணவர் பிரசன்னா எனக்கு நேர்மாறு. ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியார். விபத்து நடந்த தேதியில் வருடாவருடம் லீவு போட்டுவிட்டுப் பவானி கூடுதுறைக்குப் போவார், மாலையில் கண் வீங்கித் திரும்பி வருவார். நான் ஒரு தடவையும் போனதில்லை. போன வருடம் அவர் கிளம்பும்போது, இன்னும் எத்தனை வருடம் இப்படி அழுதுகொண்டிருப்பீர்கள், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார். எனக்கு இரண்டு நாள் அவர்மேல் எரிச்சலாக இருந்தது.

கௌசிகா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. பாலம் வைத்துக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், எங்கள் மாடிக்கு யாரும் ஏறி வருவதில்லை. இவள், பாலம் வைத்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கோபியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இடுப்பில் ஓர் எட்டு மாதப் பையன். பிரசவமான பதினோராம் நாள் அவளுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய், பாலம் வைத்துத் திரும்பி வந்தவள். வரைந்தது நான்தான் என்பதால் வரவேற்பில் இருந்தவர்கள் அவளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பேச்சு நன்றாக இருந்தது. வலது கையால் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். என் வேலை சரியாக இருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, பையனைத் தூக்கி என் மேஜைமேல் உட்காரவைத்தாள்.

"நான் பண்றதெல்லாம் செரியாத்தான் பண்றேனுங்க்கா. பால் குடுக்கறேன், தண்ணி வாக்கறேன், ஊசி போடற தேதி மறக்கறதில்ல. ஆனா பக்கத்து வூட்டுப் புள்ளைய வெச்சிருக்கற மாதிரியே இருக்குதுங்க. எப்ப வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு இருக்குது."

டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். பிள்ளை பெற்றவர்களுக்கு வரும் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். மாத்திரை தூக்கத்தைத் தந்ததே தவிர வேறொன்றையும் தரவில்லை. நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"போன ஞாயித்துக்கெழமை அவிநாசில ஒரு கல்யாணமுங்க. பஸ்ஸ வுட்டு எறங்கி, மண்டபத்துக்கு நடந்து போயி, சந்தனம் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். எங்க சின்னம்மா வந்து, கொழந்தை எங்க புள்ளேன்னு கேட்டாங்க. எனக்கு யோசிக்க வேண்டியிருந்துச்சுங்க. பஸ்ஸு சீட்டுலயே வுட்டுட்டு எறங்கிட்டேன்."

கண்டக்டர் பார்த்து, திருப்பூர் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, போலீஸிடம் ஒப்படைத்துக் குழந்தை கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அவளைப் பேசாத பேச்சில்லை. அவள் புருஷன் குழந்தையைத் தன் அக்காவிடம் கொடுத்துவிடப் போகிறான். அடுத்த மாதம் முதல் தேதி வந்து வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு.

"அப்பக்கூட எனக்குப் பதறலீங்க. பதறோணும்னு தெரியுது, பதறல. இவன் வயித்துல இருக்கறப்ப ஒதைச்சா, தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருப்பேன். அது நல்லா நெனப்பு இருக்குதுங்க்கா. அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்ப வேணும். இவனக் குடுத்துட்டா எனக்கு வருத்தமே இருக்காதுங்க. அதுக்கு முன்னாடி நீங்க எதாச்சும் பண்ணோணும்."

பையன் என் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கையை எடுத்துவிட்டு அவளுடைய வரைபடத்தைத் திறந்தேன். பாலம் வைத்து அன்றைக்கு இருநூற்று முப்பத்தோராவது நாள். நாள் கணக்கைப் பார்த்ததும் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது. காரணம் எங்கள் அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது: பாலம் வைத்தும் சிக்னல் வராமல் விடப்பட்ட நரம்பு முனை, வைத்த நாளிலிருந்து இருநூற்று நாற்பது நாளில் காய்ந்துவிடும். அதற்குப்பிறகு எந்தப் போர்டு வைத்தாலும் அது கரண்ட் இல்லாத வீட்டில் சுவிட்சுப் போடுகிற கதைதான். இரண்டு வருடத்துக்கு முன்புதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

மென்பொருள், பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம் என்றது. அதை நம்பியிருந்தால் அவளை அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். என் நல்ல பழக்கமோ கெட்ட பழக்கமோ, ஒவ்வொரு பின்னாக விரல் வைத்துக் கோட்டோடு போய்ப் பார்த்தேன். பதினாறுவரை சரியாக இருந்தது. பதினேழாவதில் கோடு ரெசிஸ்டர்வரை வந்தது. ரெசிஸ்டருக்கும் சில்லுக்கும் நடுவில், ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் '10K' என்ற எழுத்து கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருந்தது. எழுத்தை இழுத்து நகர்த்தினேன். அடியில் கோடு இல்லை. ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது.

நான் அதை வைக்கவில்லை. ஆனால் எப்படி வந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் யாரும் வெற்றுத்தாளில் ஆரம்பிப்பதில்லை. நன்றாக ஓடிய பழைய வரைபடம் ஒன்றை மூலத்தாள் என்று வைத்துக்கொண்டு, நகலெடுத்து, ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற்றுவோம். பதினோரு மாதத்துக்கு முன் வேலை குவிந்தபோது புதிய மூலத்தாள் ஒன்று தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். சர்வரில் இருந்த முந்நூறு பழைய வரைபடங்களையும் சோதனையில் ஓட்டி, ஒரே ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லாத தாளைத் தேடிப்பிடித்தேன். மற்ற எல்லாத் தாள்களிலும் அங்கங்கே ஒன்றிரண்டு கிடந்தன. இது மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பெயர்க்கட்டத்தை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டு ஆறு பேருக்கும் அனுப்பி, இனி இதிலிருந்துதான் நகலெடுக்க வேண்டும் என்று சட்டம் பேசினேன். குறையில்லாத தாளைத் தேடியவளுக்கு, குறையை வாய்விட்டுச் சொல்லாத தாள் கிடைத்திருக்கிறது.

கௌசிகாவைக் கேன்டீனில் உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் தலைமை வடிவமைப்பாளர் சதாசிவம் சாரிடம் போனேன். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கிற மனிதர், பொறுமைசாலி. எழுத்தை நகர்த்தி அடியில் இருந்த குறியைக் காட்டினேன்.

போர்டு செய்தபிறகு ஒவ்வொரு பின்னையும் கரண்ட் விட்டுச் சோதிக்கிறோமே, அதில் ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன்.

"சோதனை மிஷினுக்கு லிஸ்ட்டு எங்கிருந்து போகுது? இந்த வரைபடத்துல இருந்துதானேம்மா. இங்க பெருக்கல் குறி இருந்தா அங்க அந்தப் பின்னத் தொடவே தொடாது. நாமளே வேண்டாம்னு சொல்லிட்டோம்ல."

"பதினேழு என்ன சார் பண்ணும்?"

"மொகம் அடையாளம் தெரியறது வேற லைனு. பேரு, பழைய ஞாபகம் எல்லாம் வேற லைனு. அதெல்லாம் தெரிஞ்சப்பறம், இது நம்மளுதுன்னு உள்ள ஒரு சூடு வருமில்ல, அது பதினேழு. அது இல்லேன்னாலும் வேலைக்குப் போலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். என் மூலத்தாளிலிருந்து பிறந்தவை நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேரில் வாய்திறந்து கேட்டவள் கௌசிகா ஒருத்திதான். மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவர், எப்படிக் கேட்பார்கள், இல்லாமல் போனதைத் தேட வைப்பதே அந்த லைன்தானே என்றார். இவளுக்கு மடியில் கைக்குழந்தை இருந்தது, அதனால் முட்டிக்கொண்டது.

முதலில் கௌசிகாவுடையதைத் திருத்து, ஐந்து நாளில் போர்டு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றார் சார். இந்தக் குறியை முதலில் வைத்தது யார் என்று கேட்டேன். பழைய தாள், யாரோ வைத்திருப்பார்கள், இப்போது அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

இடத்துக்கு வந்து மூலத்தாளின் வரலாற்றைத் திறந்தேன். பெயர்க்கட்டத்தை நான் அழித்திருந்தாலும் மென்பொருள் எதையும் மறப்பதில்லை. குறி வைக்கப்பட்டது ஆறு வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் பதினேழாம் தேதி. வைத்தவர் சதாசிவம். அதற்குக் கீழே நோயாளி எண். பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். கே 0112.

அந்த எண் எனக்கு மனப்பாடம். விமான நிலையத்தில், மாலில், கலெக்டர் ஆபீஸில், எங்கே மெட்டல் டிடெக்டர் இருந்தாலும் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டுகிறேன். அப்போதும் எடுத்துப் பார்த்தேன். கே 0112.

அந்த நேரத்தில் நான் கத்தியிருக்க வேண்டும், மேஜையில் தலையை முட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் கௌசிகாவின் திருத்தத்தை முடித்துச் சேமித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நானே கவனித்தேன், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அட்டையைக் காட்டியதும் சதாசிவம் சார் எதையும் மறைக்கவில்லை. விபத்துக்குப்பின் ஏழாம் நாள் என் மூளை வீக்கம் வடிந்து, தற்காலிகமாக வெளியிலிருந்து ஒரு பாலம் கட்டிப் பார்த்தார்களாம். எல்லா லைனும் சேர்ந்ததும் எனக்கு நினைவு வந்ததாம். வந்ததும் தன்வி எங்கே என்று கேட்டேனாம். யாரோ சொல்லிவிட்டார்களாம். அப்புறம் ஒரு நாள் முழுக்க என்னைக் கட்டிலோடு கட்டித்தான் வைத்திருக்க முடிந்ததாம். தையலைப் பிய்த்துக்கொண்டேனாம். நான்தானே ஓட்டினேன், நான்தானே ஓட்டினேன் என்று தொண்டை கிழியும்வரை கத்தினேனாம். எனக்கு இதில் எதுவும் நினைவில்லை.

"உங்க வீட்டுக்காரர் நேரா எங்கிட்ட வந்து நின்னாரும்மா. அந்த ஒரு லைனை மட்டும் விட்டுடுங்க சார், ஆறு மாசம் கழிச்சு அவ தேறினதும் சேத்துக்கலாம்னாரு. டாக்டரும் சரின்னுட்டாரு. இருநூத்தி நாப்பது நாள்னு அப்ப யாருக்கு தெரியும்? நான்தான் வெச்சேன். பேப்பர்ல யார் கண்ணுலயும் பட வேணாம்னு எழுத்தை அது மேல நகத்தி வெச்சதும் நான்தான்."

வீட்டுக்குப் போனபோது ஆறரை மணி. பிரசன்னா கேரட் சீவிக்கொண்டிருந்தார். அட்டையை மேடையில் வைத்துவிட்டு, பதினேழு என்று மட்டும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். இந்த நாளுக்காக ஆறு வருடமாகத் தயாராக இருந்தவர்போல் அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துச் சேர்ப்பதாகத்தானே பேச்சு, ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன்.

"சதாசிவம் சார் போன் பண்ணாரு. நீ அந்நேரம் ஹால்ல உக்காந்து டிவி பாத்துச் சிரிச்சிட்டு இருந்தே. சிரிக்கறவளக் கூட்டிட்டுப் போயி மறுபடி அந்தக் கட்டில்ல கட்டிப் போடறதான்னு இருந்துச்சு, மிருது. அடுத்த மாசம்னு சொன்னேன். அப்பறம் அடுத்த வருசம்னு சொன்னேன். அப்பறம் அந்த எரநூத்தி நாப்பது நாள் சேதி வந்துச்சு."

"உங்களைப் பாத்தாவது எனக்கு ஏதாச்சும் இருந்திருக்கும். நம்ம கல்யாணமாகிப் பதினோரு வருஷம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ ஒரு குறையும் வைக்கறதில்ல. எல்லாம் செரியாத்தான் பண்றே."

இதே வார்த்தையை அன்று காலையில் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆறு வருடம் அவர் தனியாக அழுதிருக்கிறார். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறாள். மகளும் இல்லை, மகளுக்காகச் சேர்ந்து உட்கார்ந்து அழ மனைவியும் இல்லை. இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்குப் புரிந்தது. கணக்குப் புரிகிறமாதிரி புரிந்தது. சீவியிருந்த கேரட்டை எடுத்து நான் தாளிக்கப் போட்டேன்.

கம்பெனியில் இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருக்கு நாள் மிச்சம் இருந்தது. பதினைந்து பேருக்கு முடிந்துவிட்டது, என்னைச் சேர்த்தால் பதினாறு. இருபத்தாறு பேரையும் பராமரிப்பு என்று சொல்லிக் கூப்பிட்டுப் போர்டை மாற்றுவது, பதினைந்து பேரிடம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவானது. அவர்களிடமிருந்து புகாரே வரவில்லையே, சொல்லி என்ன ஆகப்போகிறது, சரிசெய்யவும் முடியாது என்றார் நிர்வாகி. எரிச்சலான விஷயம், அவர் சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. தப்பு என்று அறிவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அறிவை மட்டும் நம்பி நான் பதினைந்து பேருக்கும் நடந்ததை எழுதித் தபாலில் போட்டேன். என்னை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று தெரிந்தே போட்டேன். இருபத்தாறு பேரின் வேலை முடிகிறவரை இரு என்றார்கள்.

கௌசிகாவுக்கு இருநூற்று முப்பத்தெட்டாவது நாள் ஆபரேஷன். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். வரைந்தவர் வார்டுக்குப் போகக்கூடாது என்று விதி இருக்கிறது, நான்தான் ஏற்கெனவே தலைக்குமேல் கத்தி தொங்குகிறவள் ஆயிற்றே. தலையில் கட்டோடு உட்கார்ந்து பையனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் திணறி அழுதுகொண்டிருந்தான். நர்ஸ் வாங்கப் பார்த்தும் விடவில்லை. சரியாகிவிட்டது என்று தெரிந்தது. அந்தச் சிரிப்பு திரும்பி வந்திருக்கும், அதைப் பார்க்கலாம் என்றுதான் நான் போயிருந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பஸ்ஸுல வுட்டுட்டுப் போனேனுங்களே அக்கா. சீட்டுல வெச்சுட்டு நடந்து போயி சந்தனம் பூசிக்கிட்டேனே. பிரேக்கு போட்டிருந்தா இவன் கீழ வுழுந்திருப்பானே. அழுதிருப்பானே, என்னையத் தேடியிருப்பானே..."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவிநாசி பஸ் அவளுக்கு அன்றுதான் நடந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இனி ஒன்றும் ஆகாது, பையன் உன்னிடம்தான் இருப்பான் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, ஒரு பெண், நான்கு வயதில் கார் விபத்தில் போய்விட்டாள், நான்தான் ஓட்டினேன் என்று சொன்னேன். வழக்கம்போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கௌசிகா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெயர் என்ன என்று கேட்டாள், தன்விகா என்றேன். தன்விகா, தன்விகா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என் மகளை ஒரு நாளும் பார்த்திராத ஒருத்தி அவளுக்காக உடம்பு குலுங்க அழுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் அழ வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து கடிதங்களில் நான்குக்குப் பதில் வந்தது. நான்கிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான். தகவலுக்கு நன்றி, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நலமாக இருக்கிறோம். ஒருவர் மட்டும், தன் அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது, எல்லாக் காரியமும் முறைப்படி செய்துவிட்டேன், ஆகவே கவலை வேண்டாம் என்று கூடுதலாக எழுதியிருந்தார்.

வேலையில் கடைசி நாள் கே 0112 வரைபடத்தைத் திறந்தேன். எழுத்தை நகர்த்தி, பெருக்கல் குறியை அழித்தேன். மென்பொருள் உடனே சிவப்பு வட்டம் போட்டது. ஆறு வருடத்தில் முதல்முறையாக, கேட்காமலேயே அந்தப் பின் சேரவில்லை என்று சொன்னது ஒரு மென்பொருள்தான். ரெசிஸ்டரிலிருந்து சில்லுவரை கோட்டை இழுத்துச் சேர்த்தேன். பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம். வரைபடம் இப்போது எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறது. அது எந்தத் தலைக்கும் போகப் போவதில்லை. அப்படியே சேமித்துவிட்டு, அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த வாரம் விபத்து நடந்த தேதி வந்தது. நானும் வருகிறேன் என்று பிரசன்னாவிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து பஸ்ஸில் சீட்டுப் பிடித்தார். வருடாவருடம் கூடுதுறையில் ஏதோ சடங்கு செய்கிறார் என்று நினைத்திருந்தேன். சடங்கு ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் ஒரு பொட்டலம் பொரி வாங்கினார், படித்துறையில் கடைசிப் படிக்கு முந்தைய படியில் உட்கார்ந்தார், மீனுக்கு ஒவ்வொரு பொரியாகப் போட்டார். கை நிறைய அள்ளிப் போட்டால் பெரிய மீனே எல்லாவற்றையும் தின்றுவிடும், ஒவ்வொன்றாகப் போடணும் என்று தன்விகா சண்டை போடுவாள். எனக்கும் அது நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சள் கவுன், இடது முழங்காலில் சிராய்ப்பு, ஈரப் படியில் வழுக்காமலிருக்க நான் பிடித்திருந்த மணிக்கட்டு. எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

பொரி தீர்ந்ததும் அவர் பொட்டலக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அழுதார். கௌசிகா அழுததுபோல் இல்லை, ஆறு வருடப் பழக்கத்தில் சத்தம் வராமல் அழக் கற்றிருந்தார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும், தடவ வேண்டுமா, சும்மா வைத்திருந்தால் போதுமா என்று தெரியவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை எடுக்கவில்லை. முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை வாங்கி என் முந்தானையில் துடைத்துப் போட்டுவிட்டேன்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.